கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்த ஜீப்

நெல்லித்தோப்பில் எங்கள் எதிர்வீட்டிலேயே இருக்கும் என் மச்சான், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். லைசென்ஸ் துப்பாக்கியோடு பனிக்காலத்தில் கழுவேலி ஏரிப் பக்கம் உள்ளான் குருவி சுடப் போவார். அதற்காகவே இருவரும் சேர்ந்து ஒரு பழைய ஜீப் வாங்கினோம். வாங்குமுன் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். சத்தமில்லாமல் போயிற்று. எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

முதல் பயணத்திலேயே ஏரிச் சேற்றில் பின் சக்கரங்கள் புதைந்தன. நான்கு சக்கரமும் இழுப்பதற்கான லீவரைப் போட்டேன்; முன் சக்கரங்கள் அசையவில்லை. குனிந்து பார்த்தால், முன் சக்கரங்களைச் சுழற்ற இன்ஜினிலிருந்து முன்பக்கம் போகவேண்டிய ஷாஃப்டே இல்லை. டவுனில் ஓடும் வண்டிதானே என்று, பெட்ரோல் மிச்சமாக யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள்.

வண்டியைத் தள்ளியதில் மச்சானுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. வேர்த்துக் கொட்டியது. "எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ள, நீ துப்பாக்கிய நனையாம பாத்துக்க" என்றார். நல்லவேளை, வைக்கோல் ஏற்றி வந்த மாட்டு வண்டிக்காரர் ஒருவர் பாரத்தை இறக்கிப் போட்டுவிட்டு அவரைத் தார் ரோடு வரை கொண்டுவந்தார். அங்கிருந்து பஸ்ஸில் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார்.

ஷாஃப்டை வாங்கி மாட்டினோம். மச்சான் வேட்டையை விட்டுவிட்டார். இப்போது வண்டி பார்க்க யார் கூப்பிட்டாலும், கோணியை விரித்து முதலில் அடியில் படுத்துப் பார்க்கிறேன்.

போன மாதம் எங்கள் ஜீப்பை வாங்க ஒருவர் வந்தார். அவரும் வேட்டைக்காரர்.

"பீச் ரோட்ல ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாமா?" என்றார்.

"அங்க எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும்" என்று சொல்லி, அவரை வீராம்பட்டினம் மணலுக்கு அழைத்துப் போனேன்.