கழுத்திலிருந்து அறுத்த பெயர்

1982ஆம் ஆண்டு, ஈஸ்டர் முடிந்த வாரத்துச் சனிக்கிழமை ருஃபீனோ ரயிலேறினான். ஆங்கிலேயர்களோடு போர் மூண்டிருந்த மால்வினாஸ் தீவுகளுக்குப் போகிறோம் என்று பட்டாளத்துப் பையன்களுக்கு யாரும் சொல்லவில்லை. தெற்கே போகிறோம், சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று ஓர் அதிகாரி நடைமேடையில் நின்று சொன்னார். அவனுடைய அம்மா தெல்மிரா சொத்தேலோ அந்த அதிகாரியின் வாயைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். சீக்கிரம் திரும்புகிறவன் எதற்குப் புது பூட்ஸ் போட்டிருக்கிறான்?

அவள் கையில் இத்தாத்தி மாதாவின் பதக்கம் இருந்தது. எங்கள் கோரியெந்தெஸ் மாகாணத்தில் அது இல்லாமல் எந்தத் தாயும் பிள்ளையை வெளியூர் அனுப்ப மாட்டாள். பட்டாளம் கொடுத்த எண் தகடு ஒரு கயிற்றில் அவன் கழுத்தில் தொங்கியது. அதே கயிற்றில் பதக்கத்தையும் கோத்து, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டாள்.

"அம்மா, இது என் கழுத்தா, கன்னுக்குட்டி கழுத்தா? இனி இதை அறுத்துத்தான் எடுக்கணும்."

"யாரும் எடுக்கக் கூடாதுன்னுதான் போடறேன்."

இதை தெல்மிரா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் பிறந்தபோது போர் முடிந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆரஞ்சு மரம்தான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவள் அத்தை.

பேருந்து நிலையத்தில் அவள் சிபா விற்றாள். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுடும் வளைய ரொட்டி. கட்டியை முகர்ந்து பார்த்து, கிள்ளிப் பார்த்து, பிறகு விற்கிறவனையே தின்னச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்குவாள். மழை வரும் என்று வானொலி சொன்னால் துணியைக் காயப் போடுவாள். "அத்தை, உன் நிழலையாவது நம்பறியா?" என்று ஓட்டுநர்கள் கேட்டால், "மத்தியானத்துல அது எங்க போகுதுன்னு தெரியலையே" என்பாள்.

இப்படி ஒருத்தியிடம்தான் போர் முடிந்த அந்தக் குளிர்காலத்தில் அனிசேத்தோ வந்து நின்றான். போரில் ருஃபீனோவோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவன், பக்கத்து ஊர்க்காரன். சட்டைப் பையிலிருந்து கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தான். பதக்கம், தகடு, அவள் போட்ட முடிச்சு எல்லாம் அப்படியே இருந்தன. முடிச்சுக்குப் பக்கத்தில் கயிறு கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது.

ருஃபீனோ இறந்துவிட்டதாகவும், தானே ஒரு கல்சுவரின் அடியில் புதைத்ததாகவும் அவன் சொன்னான். "அவன் கரண்டியைத் தொலைச்சிட்டான்மா. எப்பவும் என் கரண்டிக்குத்தான் அலைவான். அங்க போயும் யார்கிட்டயும் கேக்க வேண்டாம்னு என் கரண்டியை அவன் பையில வெச்சேன். காம்பு நடுவுல ஒரு வெட்டு போட்டிருப்பேன், அடையாளத்துக்கு."

"பொணத்தோட யாராவது கரண்டியைப் புதைப்பாங்களா?"

"நான் புதைச்சேன்."

"கயிறை ஏன் அறுத்தே?"

"உங்ககிட்ட குடுக்கத்தான்."

தெல்மிரா கயிற்றைப் பழைய மாத்தே இலை டப்பாவில் போட்டு மூடினாள். தேநீர்போல நாங்கள் குடிக்கும் அந்த மாத்தேயை அவனுக்கு ஊற்றிக் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவனுக்கு மாத்தே கொடுக்காமல் அனுப்புவது கதவை முகத்தில் சாத்துவதை விட மோசம். உயிரோடு இருக்கிறவன் கழுத்திலிருந்தும் கயிறு அறுக்கலாம் என்பது அவள் கணக்கு. மகன் எங்கோ ஆஸ்பத்திரியில் பேர் மறந்து கிடக்கலாம். இவன் அவனை விட்டுவிட்டு ஓடிவந்து, கரண்டிக் கதை கட்டுகிறான்.

பிறகு அந்த நாள் வந்தது. ஏப்ரல் இரண்டு. போரில் வீழ்ந்தவர்களுக்கான நாள் என்று இப்போது நாட்காட்டியில் சிவப்பாக இருக்கிறது. தெல்மிராவுக்கு அதன்மேலும் சந்தேகம்தான். ஏப்ரல் இரண்டு, எங்கள் படை தீவில் இறங்கிய நாள். அன்றைக்கு அவள் மகன் உள்ளூரில் குதிரை லாயம் கழுவிக்கொண்டிருந்தான். முதலில் ராணுவ ஆட்சி அதை விடுமுறை ஆக்கியது. அடுத்து வந்தவர்கள் விடுமுறையை ஜூனுக்கு மாற்றினார்கள். பல வருடம் கழித்து மறுபடி ஏப்ரலுக்கே கொண்டுவந்து, வீழ்ந்தவர்கள் பெயரைச் சேர்த்தார்கள்.

"அனுப்பினவங்க கொண்டாடின நாளையே செத்தவங்க தலையில கட்டிட்டாங்க" என்பாள். "பூனை குட்டியை வாயில கவ்வி இடம் மாத்தற மாதிரி ஒரு நாளை மாத்தறாங்கன்னா, எதையோ ஒளிக்கறாங்க."

ஆனாலும் ஒரு வருடம்கூடப் போகாமல் இருந்ததில்லை. சதுக்கத்தில் கொடியேற்றிய பிறகு, வீழ்ந்தவர்களின் பெயர்களைப் பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பதுபோல வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் முழுவதும் "உள்ளேன்" என்று குரல் கொடுக்கும். ருஃபீனோ பெயர் வரும்போது எல்லோருக்கும் முந்தி, எல்லோரையும் விட உரக்க, அனிசேத்தோ கத்துவான். தெல்மிரா வாயைத் திறக்க மாட்டாள். செத்துப்போனவனுக்காகத்தான் அடுத்தவர் பதில் சொல்வார்கள். அவள் சொல்லிவிட்டால் அவன் செத்தவன்.

தாய்மார்களைத் தீவுக்கு விமானத்தில் கூட்டிப்போன வருடம் அவளும் போனாள். மரமே இல்லாத மேட்டில் வரிசையாக வெள்ளைச் சிலுவைகள். போர் முடிந்த பிறகு ஆங்கிலேயர்கள் அங்கங்கே கிடந்தவர்களைத் தோண்டியெடுத்து ஒரே இடத்தில் புதைத்திருந்தார்கள். பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர் எழுதினார்கள். தெரியாதவர்களுக்கு, கடவுள் மட்டுமே அறிந்த சிப்பாய் என்று எழுதினார்கள். ருஃபீனோ பெயரில் சிலுவை இல்லை. மற்ற தாய்மார்கள் ஏதோ ஒரு பெயரில்லாத சிலுவையைத் தத்தெடுத்துக் கட்டிப்பிடித்து அழுதார்கள். தெல்மிரா அழாமல் திரும்பிவந்தாள்.

"புதைச்சான்னா பேர் இருக்கணும்ல?" என்று ஊரெல்லாம் கேட்டாள். அனிசேத்தோவின் காதுக்கும் அது போயிற்று.

நான் பல நாடுகள் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய ஆண்டு, பெயரில்லாத கல்லறைகளில் பலவற்றுக்குப் பெயர் கிடைத்திருந்தது. எலும்பிலிருந்து மாதிரி எடுத்து உறவினர் ரத்தத்தோடு ஒப்பிடுகிறார்கள். தெல்மிரா மட்டும் ரத்தம் தர மறுத்துக்கொண்டிருந்தாள். எலும்புகளை இங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டு, தீவில் நம் ஆள் ஒருவனும் இல்லை என்று காட்டத்தான் இந்த வேலை என்றாள்.

மார்ச்சில் அந்த எலும்புப் பரிசோதனைக் குழுவிலிருந்து ஒரு பெண் மறுபடி வந்தாள். பொறுமைசாலி. ரத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "கழுத்துல தகடு ஏதும் போட்டிருந்தாராம்மா?" என்று மட்டும் கேட்டாள். தெல்மிரா டப்பாவைத் திறந்து காட்டினாள். அந்தப் பெண் கயிற்றை வெகுநேரம் பார்த்தாள்.

"இது அவர் கழுத்துலயே இருந்திருந்தா, அப்பவே சிலுவையில பேர் எழுதியிருப்பாங்க."

தெல்மிரா கயிற்றைப் பிடுங்கி டப்பாவில் போட்டு மூடினாள். அந்த ஏப்ரல் இரண்டாம் தேதி அவளோடு சதுக்கத்துக்கு நானும் போனேன். பெயர் வாசித்தார்கள். "உள்ளேன்" என்று அனிசேத்தோ கத்தினான். தலை நரைத்திருந்தது, குரல் நரைக்கவில்லை. தெல்மிரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"இத்தனை வருஷமா இந்தக் கத்து கத்தறியே. என் பிள்ளை பேரை அறுத்து எடுத்ததே நீதான், தெரியுமா?"

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"தெரியும்மா. நானும் ஒருதடவை தீவுக்குப் போயி பேரில்லாத சிலுவைங்களைப் பாத்த அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு. உங்களுக்கு ஒரு பொருளாவது சேரட்டும்னு அறுத்தேன். பத்தொம்பது வயசு, அதுக்குமேல புத்தி போகல. அவனுக்குப் பேர் இல்லாமப் பண்ணினவன் நான். அதான் நானே கத்தறேன்."

"நல்லாப் பேசக் கத்துக்கிட்டே" என்றாள் தெல்மிரா.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். "ஊர்சுத்தி, அந்தப் பொண்ணுக்கு போன் போடு. ரத்தம் எடுத்துக்கட்டும்."

"இப்பவாவது நம்பிக்கை வந்துச்சா அத்தை?"

"நம்பிக்கையா? கரண்டி இருக்கான்னு பாக்கச் சொல்லு. குழியில கிடைச்சதை எல்லாம் பத்திரமா வெச்சிருக்காங்களாம்ல. கரண்டி இல்லைன்னா, அடுத்த வருஷம் சதுக்கத்துல எல்லார் முன்னாடியும் அவன் வாயை மூடறேன்."

ரத்தம் எடுக்கும்போது ஊசியைப் புதிது என்று நிரூபிக்கச் சொன்னாள். குப்பியில் ஒட்டிய பெயரை என்னை உரக்கப் படிக்க வைத்தாள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. அடுத்த ஏப்ரலும் வந்துபோனது. அனிசேத்தோ வழக்கம்போலக் கத்தினான். அவள் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

நான் மறுபடி வேலை தேடி எல்லை ஊருக்குப் போய்விட்டேன். ஆகஸ்டில் ஒருநாள் பேருந்தில் இருந்தபோது கைபேசியில் அவள் குரல் வந்திருந்தது.

"ஊர்சுத்தி, எங்க இருக்க? அந்தப் பொண்ணு வந்துட்டுப் போச்சு. ருஃபீனோதான். சிலுவையில பேர் வெக்கறாங்களாம், எலும்பை அங்கேயே விட்டுடறாங்களாம், அவங்க கையால எழுதி வாங்கிட்டேன். பையில கரண்டி இருந்துச்சாம். நீ வரும்போது அனிசேத்தோவைக் கூட்டிட்டு வா, மாத்தே வெக்கறேன். வெட்டு காம்போட நடுவுலன்னு அவன்தானே சொன்னான்? இவங்க நுனியிலன்னு சொல்றாங்க. அது என்னன்னு நான் அவன்கிட்ட நேர்ல கேக்கணும்."