திறக்கக் கூடாத டப்பி

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிற்சாலைகளுக்குப் போய், அங்குள்ள காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பெயர் பொருத்தம்தானே என்று தோன்றும். பெயர் வைத்தவர்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. அவளுக்கு வாசனையே தெரியாது. ஏழு வயதில் வந்த காய்ச்சல், போகும்போது மோப்ப சக்தியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து அவளுக்கு ரோஜாவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

அவள் இதற்காக வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அந்த வேலையைக் கணவர் பார்த்துக்கொண்டார். அவர் தையல்காரர்; வீட்டின் முன்னறைதான் கடை. மிஷினை மிதித்தபடியே அடுக்களைக்கும் காவல் இருக்க வேண்டும். "பால்!" என்று அவர் போடும் சத்தத்தில் அளவு கொடுக்க வந்தவர்கள் துள்ளி விழுவார்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளை ஆசையாகக் கூப்பிட்டதைவிட அந்த ஒரு சொல்லைக் கத்தியதுதான் அதிகம்.

"மூக்கு இருக்கிறவங்க மூக்கை நம்பி ஏமாந்து போறாங்க. எனக்கு அந்தக் கவலை இல்ல" என்பாள் அவள். இது வீம்புக்குச் சொல்வதில்லை. பசை வாடை அடிக்கிற அறைக்குள் பத்து நிமிஷம் நின்றால் போதும், எப்பேர்ப்பட்ட மூக்கும் பழகிப்போய் வாடையே இல்லை என்று சொல்லிவிடும். கருவி அப்படிப் பழகாது. அதனால்தான் அவளுக்குக் கருவிகள் மேல் அத்தனை பிரியம்.

ஒரே ஒரு கருவியைத் தவிர. தொழிலாளியின் இடுப்பில் கட்டிவிடுகிற காற்றிழுக்கும் பம்பு அது. செங்கல் கனம். எட்டு மணி நேரமும் கொரகொரவென்று இரைச்சல் வேறு. கட்டிவிட்டு இவள் இந்தப் பக்கம் திரும்பினால், அந்தப் பக்கம் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். ஆணி சுவாசித்த காற்றை அளந்து, மனிதர்களுக்கு ஆபத்தில்லை என்று அறிக்கை எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிந்த நாளில் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, ஒரு வாரத்துக்கு ஆய்வுக்கூடத்தில் யாரும் அவள் பக்கம் போகவில்லை.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் டப்பி. சட்டைக் காலரில் குத்திக்கொள்ளலாம், கட்டைவிரல் அளவுதான். உள்ளே கொஞ்சம் கரித்தூள், மேலே வலைத்துணி, அதற்கு மேல் ஒரு மூடி. மூடியைத் திறந்தால் காற்றில் இருக்கும் ஆவி தானாக வந்து கரியில் ஒட்டிக்கொள்ளும். மாலையில் டப்பியை மறுபடி மூடி எடுத்துவந்து, ஆய்வுக்கூடத்தில் கரியைக் கழுவி அளந்தால் கணக்கு வந்துவிடும். பம்பு வேண்டாம், சத்தம் வேண்டாம். இந்த மாதிரி யோசனை உலகத்தில் அவளுக்கு முன்பும் பலருக்கு வந்ததுதான். ஆனால் கோட்டு உள்துணியில் வலை வெட்டி, சட்டைப் பொத்தான் குத்துகிற கைமிஷினில் மூடி பொருத்திய டப்பி இது ஒன்றாகத்தான் இருக்கும். எத்தனை துணி பாழானது என்று கணவரைக் கேட்டால் இன்றைக்கும் பெருமூச்சு விடுவார்.

ஆய்வுக்கூடத் தலைவர் விதிப்புத்தகமும் கையுமாக, விதி விதி என்றே மூச்சு விடுகிற மனிதர். "ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கலாம். சரியா வந்தா வச்சுக்குவோம். இல்லேன்னா பழையபடி பம்புதான். அதுக்கப்புறம் என்கிட்ட வரக்கூடாது" என்றார்.

எங்கே சோதிப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. நாத்தனார் வேலை பார்க்கிற செருப்புத் தொழிற்சாலை. நாத்தனாருக்கு ஆறு மாதமாக மதியத்துக்கு மேல் தலைவலி. அவளுக்கு மட்டுமில்லை, பசை ஒட்டுகிற கூடத்தில் பாதிப் பேருக்கு. பம்பு வைத்துப் பார்த்தாயிற்று. எல்லாம் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று வந்தது. "உங்களுக்கெல்லாம் மனப்பிரமை" என்று மேலாளர் சொல்லிவிட்டார். எதற்கெடுத்தாலும் பாட்டும் வம்பும் சிரிப்புமாக இருந்த நாத்தனார், இப்போது வேலை விட்டு வந்ததும் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். அதைப் பார்க்க மூக்கக்காவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. டப்பி தோற்றால் அந்தத் தலைவலிக்கும் மனப்பிரமை என்கிற பெயரே நிலைத்துவிடும்.

சோதனை நாளில் பன்னிரண்டு பேர் காலரில் பன்னிரண்டு டப்பிகளைக் குத்தினாள். பதிமூன்றாவது டப்பியைத் திறக்கக் கூடாது. கொண்டு போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ கரி கெட்டுப்போகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அதில் ஏதாவது ஏறியிருந்தால் மொத்தச் சோதனையும் குப்பைக்குப் போக வேண்டியதுதான். தொழிற்சாலைக்குள் சாயங்காலம் வரை இவளை இருக்கவிடவில்லை. அதனால் அந்தப் பதிமூன்றாவதை நாத்தனார் கையில் கொடுத்து, "இதைப் பத்திரமா வச்சிரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவ்வளவுதான் சொன்னாள். தொழிலில் ஊறிய எவருக்கும் அதற்கு மேல் சொல்லத் தோன்றாது.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. காலர் டப்பிகள் பன்னிரண்டும் அளவுக்குள். திறக்காத டப்பியில் மட்டும் அவற்றைப்போல் மூன்று மடங்கு.

தலைவர் தாளை இரண்டு தரம் பார்த்தார். "மூடி ஒழுகுதும்மா. இவ்வளவு ஒழுகுற டப்பியை வச்சுக்கிட்டு என்ன பண்றது? மன்னிச்சிருங்க."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து அடுப்பில் பாலை வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். "பால்!" என்று முன்னறையிலிருந்து சத்தம் வந்தும் எழுந்திருக்கவில்லை. நாத்தனார்தான் ஈரத்துணியோடு ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

"என்ன அண்ணி, இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?"

"நீ பத்திரமா வச்ச டப்பி ஒழுகிடுச்சு. மூடின டப்பிக்குள்ள எப்படிப் போச்சுன்னே தெரியல."

நாத்தனார் விழித்தாள். "மூடின டப்பியா? நான்தான் திறந்து வச்சேனே!"

"என்னது?"

"எல்லா டப்பியும் திறந்திருக்கு, இது மட்டும் மூடியிருக்கு. நீங்கதான் அவசரத்துல மறந்துட்டீங்கன்னு நினைச்சேன் அண்ணி. பசைக் கூடத்துல வச்சா கெட்டுப் போயிடும்னு, நல்ல காத்து வர்ற இடமாப் பார்த்து, சாப்பாட்டு அறை ஜன்னல்ல வச்சேன். சாயங்காலம் நானே மறுபடி மூடி எடுத்துட்டு வந்தேன். பத்திரமாத்தானே வச்சேன்?"

மூக்கக்கா சடாரென்று எழுந்தாள்.

"அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சுவர், அதுல பசைக் கூடத்துப் பெரிய ஃபேன்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

ஃபேன் பசை டின்களுக்கு மேல் எழும்புகிற ஆவியையெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அது இரண்டு முழம் தள்ளியிருக்கிற ஜன்னல் வழியாக உள்ளே போய் அந்தச் சின்ன அறையில் தங்குகிறது. கூடத்தில் காலை முழுக்க நின்ற மூக்குகளுக்கு அங்கே வாடை தெரியவில்லை. நல்ல காற்று என்று நம்பி, சாப்பிட்ட பிறகும் அங்கேயே உட்கார்ந்து கதை பேசியிருக்கிறார்கள். ஆக, மதியத்துக்கு மேல் தலைவலி.

அவள் நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் கணவர் கழுத்தில் அளவுநாடாவோடு ஓடிவந்தார். வந்தவர் முதலில் பார்த்தது தீய்ந்த பால் பாத்திரத்தைத்தான்.

மறுநாள் தலைவரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். "விதிப்படி இந்தச் சோதனை செல்லாதும்மா" என்றார் அவர். அவள் முகம் வாடிவிட்டது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதனால விதிப்படி இன்னொரு தடவை பண்ணுவோம். இந்தத் தடவை நானும் வர்றேன்."

இந்த முறை திறக்கக் கூடாத டப்பியைக் கணவர் ஒரு துணிப்பைக்குள் போட்டு நாலு பக்கமும் தைத்துக் கொடுத்தார். "என் தங்கச்சி கையில சிக்கினாலும் திறக்க முடியாது" என்றார். தங்கை அவர் முதுகில் ஒன்று வைத்தாள். சாப்பாட்டு அறை ஜன்னலில் வேண்டுமென்றே ஒரு டப்பியைத் திறந்து வைத்தார்கள்.

காலர் டப்பிகள் முன்போலவே அளவுக்குள். துணிப்பை டப்பியில் ஒன்றுமே இல்லை. ஜன்னல் டப்பியில் அதே மூன்று மடங்கு.

மேலாளர் அதற்குப் பிறகு மனப்பிரமை என்கிற வார்த்தையை எடுக்கவில்லை. பத்தே நாளில் ஃபேனுக்குக் குழாய் மாட்டி, கூரைக்கு மேலே உயரத்தில் திறந்துவிட்டார்கள். நாத்தனாரின் தலைவலி போன இடம் தெரியவில்லை. இப்போதெல்லாம் வேலை விட்டு வரும்போதே தெருமுனையில் அவள் பாட்டு கேட்கிறது. வந்ததும் அண்ணனோடு வம்பு. "தலைவலியே தேவலை போல இருக்கு" என்பார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக.

பம்புகள் பரணுக்குப் போய்விட்டன. டப்பியோடு அனுப்பும் தாளில் தலைவர் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும், இங்கே காற்று சுத்தம் என்று தொழிலாளர்கள் நம்புகிற இடத்தில் ஒரு டப்பியைத் திறந்து வைக்க வேண்டும். அதற்கு ஒரு பெயரும் வேண்டுமே? விதி விதி என்கிற அந்த மனிதர் கொஞ்சமும் சிரிக்காமல் எழுதினார்: நாத்தனார் டப்பி.