வனஜாவின் உள்ளங்கை

சென்னைப் புறநகர் பட்டாபிராமின் ஒரு தெருக்கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, வனஜா தீச்சட்டி எடுத்தாள். வேப்பிலைக் கொத்து நழுவி, சட்டியின் அடி நேராக உள்ளங்கையில் உட்கார்ந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. தெருவைச் சுற்றி வந்து இறக்கியபோது தோலும் சேர்ந்து வந்தது. "ஆத்தா எறங்கிட்டா" என்று பூசாரி செங்கல்வராயன் அவள் காலில் விழுந்தார். அன்றிலிருந்து மாமியார் பூங்காவனத்தின் நடையே பெருமையில் மாறிப்போனது.

ஆத்தா யாரும் வரவில்லை என்பது வனஜாவுக்குத் தெரியும். கொதிக்கிற குண்டானைக்கூடத் துணியில்லாமல் இறக்குகிறவள் அவள். தொட்டால் துணி, இரும்பு என்று தெரிந்தது. சூடு மட்டும் தெரியவில்லை. இருமினால் பிடரியில் இடி இறங்கியதுபோல் வலித்தது. புண் எப்படியோ ஆறியது. ஆனால் அடுத்த ஆடி நெருங்கும்போது விரல்கள் மெலிய ஆரம்பித்தன. தனியாகவே ரயிலேறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஊசியால் குத்திப் பார்த்து, படமும் எடுத்த பிறகு டாக்டரம்மா சொன்னார்: "பின்மூளையோட நுனி கழுத்துக்குள்ள எறங்கி அடைச்சிருக்கு. தண்டுவடத்துக்குள்ள தண்ணி கட்டியிருக்கு. அபூர்வமாத்தான் வரும். பின்மண்டை எலும்புல கொஞ்சம் எடுத்து வழி பண்ணணும். போன உணர்ச்சி திரும்பும்னு சொல்ல மாட்டேன். இதுக்கு மேல கை போகாம நிறுத்தலாம். ஆனா கையில புண்ணோட வந்தா ஆபரேஷன் தள்ளிப்போயிடும்."

குறித்துக் கொடுத்த நாள், கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கு மறுநாள்.

"ஆத்தா குட்த்த வரத்த அறுத்துப் போட்டுட்டு வரப் போறியாடி?" என்றாள் பூங்காவனம்.

"கை சூம்பிப் போறது இன்னா வரம் அத்தே?"

கணவன் கஜபதி சமாதானம் பேசினான். "இந்த ஒரு தபா எட்த்துடு வனஜா. ஜனம் உன்னைப் பாக்கத்தான் வந்துகினு கீது."

"நீ எடுய்யா. உனுக்கு நல்லாவே சுடும்."

ஞாயிறன்று மேளத்தோடு சட்டி வாசலுக்கே வந்துவிட்டது. வனஜா இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றாள்.

"ஆத்தா கோச்சுக்குவா தாயி" என்றார் செங்கல்வராயன்.

"கோவம்னா என்னாண்டயே சொல்லட்டும். அதான் எனக்குள்ள எறங்குறான்னு சொன்னீங்களே. உங்க கையில ஏன் சொல்லி அனுப்புறா?"

மேளக்காரன் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததில் அடி தப்பிப் போனது. சட்டி திரும்பிப் போயிற்று. பூங்காவனம் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. வனஜா இரண்டு வேளையும் சாப்பிட்டாள். விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். பாதி வழியில் கஜபதி ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டான்.

பொங்கலுக்குள் பிடரியில் ஆபரேஷன் தழும்பு மயிருக்குள் மறைந்துவிட்டது. இருமினால் இடி இல்லை. விரல்கள் அதற்கு மேல் மெலியவில்லை.

"இப்ப சுடுதா?" என்று அடிபம்பு ஓரத்தில் கேட்டாள் பூங்காவனம்.

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்குடி மண்டைய அறுத்துக்கினே?"

வனஜா அதே கையால் பம்பின் கைப்பிடியை அழுத்தினாள். குடம் நிறைந்ததும் மாமியாரின் குடத்தை இழுத்து வைத்து, அதற்கும் தண்ணீர் அடித்தாள்.