நீலம் ஒட்டிய ஓடு

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அவளுடைய நகங்களைப் பார்த்து அம்மா முகம் சுளித்தாள். எல்லா விரலிலும் நீலம். "ஆய்வுக்கூடத்துல வேலைன்னுதானே சொன்னீங்க, சாயப்பட்டறைன்னு சொல்லலையே?" என்றேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணி சிரித்தாள். "அவளை ஏன் கேக்கறே? அந்தச் சாயத்தை அங்க கொண்டுபோய் வெச்சதே நான்தான்" என்றான் அண்ணன்.

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. அண்ணன் மலை மலையாக ஏறிக் கல் கொண்டுவருவான். அண்ணி அதை உடைத்து அமிலத்தில் ஊறப்போடுவாள். அந்த அறைக்குள் நுழைந்தாலே வினிகர் நெடி மூக்கைத் துளைக்கும். கல் மெல்ல உதிர்ந்து சேறானதும் சல்லடையில் அலசி, காயவைத்து, கறுப்புத் தட்டில் தூவி நுண்ணோக்கியில் பார்ப்பாள். மலையெல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்ததாம். அப்போது வாழ்ந்து செத்த பொடி உயிர்களின் ஓடுகள் மணலோடு மணலாகக் கிடக்கும். ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு வகை. எந்த வகை கிடைக்கிறதோ அதை வைத்துக் கல்லின் வயதைச் சொல்லிவிடுவார்கள். அதை ஈரத் தூரிகை நுனியால் பொறுக்கி எடுப்பதுதான் அண்ணியின் பிழைப்பு. பலமாக மூச்சு விட்டால்கூடப் பறந்துவிடும்.

முந்தைய கல்லின் ஓடு ஒன்று சல்லடைக் கண்ணில் சிக்கி நின்றால் போச்சு, புதுக் கல்லுக்குப் பொய் வயது வந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் சல்லடையைக் கழுவி நீலச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். ஒட்டிக்கொண்டிருப்பது நீலமாகிவிடும், புதிதாக வருவது வெள்ளையாகவே இருக்கும். அண்ணன் பெருமையடித்த சாயம் இதுதான்.

அவன் கடைசியாகப் போன மலையில், உச்சிக்குக் கீழே ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்கு இருந்தது. அது ரொம்பப் பழையது என்று துறைத் தலைவர் எப்போதோ எழுதி முடித்துவிட்டார். இல்லை, அதற்குப் பிறகும் வெகுகாலம் கடல் அங்கே இருந்தது என்று அண்ணன் ஒற்றை ஆளாய் மல்லுக்கு நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். நிரூபித்துக் காட்டுகிறேன் என்று ஏறியவன் இறங்கும்போது மலை சரிந்தது. அவன் தோள்பையைத்தான் முழுசாகக் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு துணிப்பை, அதற்குள் கையளவு கல் ஒன்று. பாதை மண்ணுக்குள் போய்விட்டது, அந்த ஆராய்ச்சியையும் மூடிவிட்டார்கள். இனி அங்கிருந்து இன்னொரு கல் வரப்போவதில்லை.

அம்மா அந்தக் கல்லை அலமாரியில் அவன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தினமும் முந்தானையால் துடைப்பாள். அண்ணி அதைக் கேட்டபோது வீடு இரண்டாகிவிட்டது.

"அவன் கடைசியாத் தொட்டதும்மா இது. இதையும் கரைக்கணுமா?" என்றாள் அம்மா.

"வெச்சுப் பார்க்கறதுக்காக அவர் இதை எடுத்துட்டு வரலை அத்தை."

பாதியை உடைத்துக் கொடுத்தோம். அதில் ஒன்றும் இல்லை, வெறும் சேறு. சில வாரம் கழித்து மீதியையும் கேட்டாள். நான் வீடு அதிரக் கத்தினேன். கல்நெஞ்சக்காரி, புருஷன் செத்ததற்கே அழாதவள் என்றேன். அது பொய்யில்லை, அவள் அழவே இல்லை. கடைசியில் அம்மாதான் எழுந்து போய்க் கல்லை எடுத்து அவள் கையில் வைத்தாள். "அவன் சொன்னது சரின்னு வந்தா எனக்கு அது போதும்" என்றாள்.

தட்டைப் பார்க்கும் நாளில் நானும் கூடப் போனேன். காவலுக்குப் போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி நுண்ணோக்கியில் குனிந்தவள் நிமிரவே இல்லை. எனக்குக் கொட்டாவி வந்தது. திடீரென்று தூரிகை நின்றது. நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

கறுப்புத் தட்டில், மணல் நடுவே, அழகாகச் சுருண்ட ஒரே ஒரு ஓடு.

"அண்ணன் சொன்ன காலத்து வகையா அண்ணி?"

"ஆமா."

"அம்மாவுக்குப் போன் போடறேன்!"

"நல்லாப் பாரு. என்ன நிறம்?"

பார்த்தேன். சுற்றியிருந்த மணலெல்லாம் வெள்ளை. அது மட்டும் நீலம். வேறு ஏதோ கல்லிலிருந்து வந்தது.

"கழுவினா போயிடாதா?"

"ஸ்பிரிட்ல போட்டா போயிடும்" என்றாள். ஸ்பிரிட் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

"போடுங்க அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் தூரிகையை நனைத்து அந்த ஓட்டை எடுத்து ஈரக் காகிதத்தில் துடைத்தாள். தட்டின் சீட்டில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினாள். "உங்க அண்ணன் இருந்திருந்தா முதல் வேலையா இதைத்தான் தூக்கிப் போட்டிருப்பார்" என்றாள்.

பிறகு வழக்கம்போலச் சல்லடையைக் கழுவிச் சாயத்தில் முக்கினாள். சாயத்துக்குள் இருந்த கையை வெளியே எடுக்காமலே அழ ஆரம்பித்தாள். அத்தனை மாதம் அடக்கி வைத்த அழுகை. அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொள்ள, கன்னமெல்லாம் நீலமாயிற்று. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, கோபமும் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வீட்டு வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். அண்ணி முகத்தைப் பார்த்தாள்.

"இல்லை அத்தை."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீயும் பார்த்தியா? ஒண்ணுகூடவா இல்லை?"

"பார்த்தேம்மா. ஒண்ணும் இல்லை" என்றேன்.

அம்மா உள்ளே போய், கல் இருந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள்.