படத்துக் காரும் எங்கள் இறக்கமும்

புவனேஸ்வரி டீச்சர் இறந்த செய்தி, நான் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய கணவர் தர்மலிங்கம் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "முடிஞ்சிருச்சுங்க டீச்சர்" என்றார். அவர் ஒன்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அது என்னவென்றும் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் கேட்காமலே அழைப்பைத் துண்டித்தார். நான் சிவப்புப் பேனையைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு ஆறு நாள் முன் டீச்சரை அந்த ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனவள் நான். மெதுவாகக் கொண்டுபோனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இழவு வீட்டில் சிலர் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள்.

மலைநாட்டில், கொட்டகலையில் எங்கள் பாடசாலையில் அவர் விஞ்ஞானம் படிப்பித்தார், நான் வரலாறு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். றொசல்லப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிஷனில் அவர் வீடு. பிரதான வீதியோரம் என் வீடு. காலையில் தன் பழைய வெள்ளைக் காரில் மலையிறங்கி வந்து என்னையும், கணக்குப் படிப்பித்த நவரத்தினம் சேரையும் ஏற்றிக்கொள்வார். ஏறியதும் பெல்ட் போடச் சொல்வார். பின்சீட்டில் இருப்பவருக்கு எதற்கு என்று சேர் கேட்டால், "பிரேக் போட்டா நான் நிப்பேன், நீங்க நிக்க மாட்டீங்க சேர்" என்பார். சான்று இல்லாத எதையும் நம்பத் தயங்குகிறவள் நான். அவருக்கும் அதே குணம். எங்கள் சிநேகிதத்துக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தர்மலிங்கம் அண்ணனுக்குச் சண்டைப் படங்கள் என்றால் உயிர். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் திரையில் கார் துரத்தல் வந்தால் கால் தானாகத் தரையை மிதிக்கும். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து மரக்கறி வெட்டிக்கொண்டே அவருடைய சந்தோஷத்தைக் கெடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் இருந்தேன். கதாநாயகன் நேரான வீதியில் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, கதாநாயகியின் முகத்தைப் பார்த்தபடி நெடுநேரம் பேசினான். "ரோட்டப் பாருடா" என்றார் டீச்சர். அடுத்துத் துரத்தல் வந்தது. அவன் கியரை மாற்றிக்கொண்டே இருந்தான்.

"ஏங்க, அந்தக் காருக்கு எத்தன கியரு? நான் ஏழு எண்ணிட்டேன்."

"மனுசன நிம்மதியா ஒரு படம் பாக்க விடுறியா நீ?"

"மண் ரோட்டுல டயர் கிரீச்சுனு கத்துதே, அதயாவது கேட்டீங்களா?"

கார் பள்ளத்தில் விழுந்தது. நிலத்தைத் தொடும் முன்பே தீப்பிடித்தது. டீச்சர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அண்ணன் டீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் டீச்சர் சிரிக்கமாட்டார். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் பரவியது. இறக்கம் வந்தால் என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் காரை உருளவிடுவார்கள். மலை இழுத்துக்கொண்டு போகும், பெற்றோல் மிச்சம். பிறகு பெற்றோல் கிடைத்தது, பழக்கம் போகவில்லை. நவரத்தினம் சேரும் ஒருநாள் அப்படிச் செய்யச் சொன்னார். டீச்சர் பதில் சொல்லாமல், சமதளம் வந்ததும் காரை ஓரமாக நிறுத்தி என்ஜினையும் நிறுத்தினார். சேரை முன்சீட்டில் உட்காரவைத்து, பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்கச் சொன்னார். முதலில் இலேசாக இறங்கிய பெடல் மூன்றாவது நான்காவது மிதியில் கல்லாகிவிட்டது. சேர் சீட்டிலிருந்து எழும்பும் அளவுக்கு மிதித்தும் அது அசையவில்லை.

"படத்துல பிரேக் போனா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். வில்லன் வயர வெட்டியிருப்பான்" என்றார் டீச்சர். "என்ஜின நிப்பாட்டினா பிரேக்குக்குத் துணை போயிரும், பெடல் இப்படி இறுகிரும். இங்க வில்லனெல்லாம் வேணாம் சேர். நாமளே போதும்."

கியரில் இறங்கினால் என்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும், அதுவும் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும் என்பது அவர் வழக்கம். நாற்பது கடந்து லைசன்ஸ் எடுத்த நான், தோட்டப் பாதையில் அவர் பக்கத்தில் இல்லாமல் ஒருநாளும் ஓட்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை பிற்பகலும் அவர் பக்கத்தில்தான் இருந்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. அவரைப் பார்க்கப் போயிருந்த நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் கூப்பிட்ட குரல் கேட்டது. டீச்சரின் முகம் வியர்த்து, சாம்பல் நிறமாகியிருந்தது. அம்புலன்ஸுக்கு அழைத்தோம், வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். மழை விட்டிருந்தது, மூடுபனி இறங்கியிருந்தது. டீச்சர் சாவியை என் கையில் கொடுத்தார்.

அந்தப் பாதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தடுப்பு இல்லாத தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயக் கூரைகள். ஈரச் சரளையில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நிற்கும், கார் நிற்காது. முன்சீட்டைச் சாய்த்து டீச்சரைப் படுக்கவைத்தோம். அண்ணன் பின்னாலிருந்து அவர் தோள்களைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது கியரில் இறங்கத் தொடங்கினேன். என்ஜின் முனகியது. நாங்கள் ஊர்வது எனக்கே தாங்கமுடியாமல் இருந்தது.

"அடிச்சு விடுங்க டீச்சர்" என்றார் அண்ணன். "ஹோர்ன அடிச்சுக்கிட்டே போங்க, எல்லாரும் ஒதுங்கிக்குவாங்க."

நான் வேகத்தைக் கூட்டவில்லை. டீச்சர் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். அந்தச் சத்தம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைத் தவிர வேறெதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. அடுத்த வளைவில் அண்ணன் அழத் தொடங்கினார். "நியூட்ரல்ல விடுங்க டீச்சர், தானா ஓடும். எல்லாரும் அப்படித்தான விடுறாங்க. அவ செத்துருவா டீச்சர்."

என் கை கியருக்குப் போனது. நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. டீச்சரின் கை வந்து என் கைமேல் விழுந்தது, குளிர்ந்து ஈரமாக. கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"ரெண்டுலயே போங்க. நான் அதுக்குள்ள எங்கயும் போயிற மாட்டேன்."

இரண்டு வளைவு தாண்டி, பனிக்குள்ளிருந்து ஓர் ஓட்டோ ஏறி வந்தது. விளக்குப் போடவில்லை. உள்ளே பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பிரேக்கை மெல்ல அழுத்தினேன். பின்பக்கம் சற்று வழுக்கியது, பிறகு கார் நின்றது. இரண்டு வண்டிக்கும் நடுவில் ஓர் ஆள் குறுக்கே படுக்கும் அளவு இடம்கூட இல்லை. ஓட்டோக்காரர் பின்வாங்கி மேட்டோரம் ஒதுங்க, நாங்கள் கடந்தோம். நியூட்ரலில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. நடக்காததற்குச் சான்று கிடையாது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டீச்சருக்கு நினைவிருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டேனா என்று கேட்டார். அடுத்து வந்த நாட்களில் இதயம் படிப்படியாகத் தளர்ந்தது. இறப்பதற்கு முந்திய நாள் நான் வாட்டுக்கு வெளியே வைத்தியரை நிறுத்திக் கேட்டேன்: கொஞ்சம் முன்னதாக வந்திருந்தால்? இந்த நோயில் நேரம் முக்கியம்தான், ஆனால் இவருக்கு எவ்வளவு வித்தியாசம் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் அவர். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்காக அவரை மதிக்கிறேன்; ஆனால் அதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை.

இழவு வீட்டில் டீச்சரின் உறவுக்காரர் ஒருவர், நான் கேட்கும்படியே சொன்னார்: "ஒரு ஆம்பள ஓட்டியிருந்தா பறந்து கொண்டாந்திருப்பான்." தர்மலிங்கம் அண்ணன் தலை நிமிரவில்லை.

கருமாதி முடிந்த பிறகு அவர் என் வீட்டுக்கு நடந்தே வந்தார். தேத்தண்ணி ஆறும்வரை கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் கேட்காததை அப்போது கேட்டார்.

"வேகமா போயிருந்தா இருந்திருப்பாளா டீச்சர்?"

தெரியாது என்றேன். வைத்தியர் சொன்னதையும் அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டினார். வெளியே பஸ் ஒன்று மேட்டில் முனகி ஏறிப் போனது.

"அந்த ஓட்டோவுல பிள்ளைங்க இருந்திச்சுங்க" என்றார். பிறகு தேத்தண்ணியைக் குடித்தார்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. படத்தில் கார் ஒரு தள்ளுவண்டியை மோதிச் சிதறடித்துவிட்டுப் பறக்கும்போது, மற்றவர்கள் எல்லோரும் காரின் பின்னால் போய்விடுவார்கள், அவர் மட்டும், "அந்த வண்டிக்காரன் என்ன ஆனான்? அவன ஒருத்தரும் காட்ட மாட்டேங்கிறாங்களே" என்பார். டீச்சரின் வெள்ளைக் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. ஓட்டச் சொல்லி அண்ணன்தான் விட்டுப்போனார். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுகிறேன். மெதுவாகப் போனதால் அவரை இழந்தோமா என்ற பயம் ஒவ்வொரு வளைவிலும் கூடவே வருகிறது. அது போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அன்று வீடு போய்ச் சேர்ந்தார்கள். மற்றது எனக்குத் தெரியாது.