சவுக்காரம் போட்ட துணி

எனக்கு எழுபத்தாறு வயது; ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினவள். பேத்தி காலேஜில் இலைச்சாறு ஏற்றின பருத்தித் துணியைக் கொண்டுவந்து, "கொசு அண்டாது பாட்டி, மோந்து பாருங்க லா" என்றாள். எலுமிச்சை மணக்கும் செராய்ப் புல் வாடை. பந்திங் ஊர்ப் பக்கம் நாங்கள் குடியிருந்த ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள்தாம். அங்கே என் அம்மா, செராயும் வேப்பிலையும் கொதித்த தண்ணீரில் முக்கி முக்கிக் காயவைத்த துணியைத் தலையிலும் கையிலும் சுற்றிக்கொண்டுதான் விடியுமுன் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போவாள். என்மேலும் ஒட்டின அந்த வாடைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள் என்று, ஒருநாள் அதைச் சவுக்காரம் போட்டு அலசிவிட்டேன். மறுநாள் கொசு கடித்து முகமும் கையும் தடித்து வந்த அம்மா, அழுக்கென்று துவைத்தேனாக்கும் என நினைத்து, "ஏண்டி, துணியத் தொவச்சியா, என் தோலத் தொவச்சியா?" என்று சிரித்தாள். வெட்கப்பட்டுத்தான் துவைத்தேன் என்று கடைசிவரை அவளிடம் நான் சொல்லவில்லை. கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருதடவை வாசித்துக் காட்டு. வெட்கப்பட்டேன் என்ற அந்த வரியை விட்டுவிடாதே.