ஆயாவின் கட்டை விரல்

ரேஷன் கடை மெஷினில் என் விரல் பதியவில்லை. முதியோர் இல்லத்தில் துணி துவைத்துத் துவைத்து ரேகை தேய்ந்துபோயிருந்தது.

"வெந்நீர்ல ஊறவச்சி, எண்ணெ தேச்சி, தொடச்சிகினு வாக்கா. அப்பால பதியும்," என்றார் கடைக்காரர்.

வெந்நீர், எண்ணெய். எனக்குப் பகீரென்றது.

எங்கள் இல்லத்தில் ஓர் ஆயா. காசிமேட்டில் மீன் ஏலம் கூவியவள். ஐஸில் கிடந்து கிடந்து கை வழவழவென்று ஆகிவிட்டது. கண்ணில் புரை. பேத்தி கல்யாணத்துக்குத் தன் காசில் கம்மல் ஜிமிக்கி போட வேண்டும் என்று பென்ஷனைத் தொடாமல் வங்கியிலேயே விட்டு வைத்திருந்தாள். மாதாமாதம் எங்கள் நர்ஸம்மா அவள் கையை வெந்நீரில் வைத்து எண்ணெய் தேய்த்துவிடுவாள். என்ன பாசம் என்று நான் மெச்சிக்கொள்வேன். தேய்த்து முடித்ததும் போனும் சின்ன மெஷினுமாக ஒருவன் வருவான். பென்ஷன் கார்டு சரிபார்க்கிறானாம். எங்கள் தெரு மளிகைக் கடையிலும் அதே மெஷின் உண்டு. விரல் வைத்தால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்துத் தருவார்கள்.

அன்றைக்கு அவன் வரும் நாள்.

பையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். கண்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை அடைத்து நின்றன; இடுக்கில் நுழைந்து ஓடினேன். ஓடும்போதே இன்னொரு பயம். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. நர்ஸம்மாவிடம் என்ன கேட்பேன்?

இல்லத்து வாசலில் மீன் வண்டி நின்றது. ஒரு வாளி ஐஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஆயாவின் கை வெந்நீரில் இருந்தது. நர்ஸம்மா அவனை அழைத்துவரப் பின்வாசலுக்குப் போயிருந்தாள். ஆயாவின் காதில் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆயா வெந்நீரிலிருந்து கையை உருவினாள். பிறகு, "வாளி எங்கடி கீது?" என்றாள். கையைத் தானே ஐஸுக்குள் விட்டாள். "இது இன்னா பண்ணும் என்னை? பொறந்ததுலேர்ந்து இதுலதான கெடந்தேன்."

வாளியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். நர்ஸம்மாவோடு அவன் வந்தான். ஆயாவின் விரலை மெஷினில் வைத்தான். பதியவில்லை. துடைத்து வைத்தான். பதியவில்லை.

"இன்னா ஆயா, கை ஐஸாட்டம் கீது?" என்றாள் நர்ஸம்மா.

"ரத்தம் சுண்டிப்போச்சிம்மா. வயசாவுது இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கட்டிலில் இருந்த துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தா எட்டிப்பார்த்தார். "எனுக்கும் போன மாசம் எண்ணெ தேச்சியேம்மா. இன்னிக்கு இல்லியா?"

அதைக் கேட்டதும் ஆயா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். ஏலக் குரல் கிளம்பியது. "என் துட்டு எவ்ளோ கீது? சொல்லுடா! எல்லாரும் கேளுங்க, இவன் சொல்லப் போறான்!"

கூடம் முழுக்கக் கட்டில்கள் கிறீச்சிட்டன. மேனேஜர் ஓடி வந்தார். "இன்னா ஆச்சு?" என்றார். அத்தனை பேர் முன்னால் நான் பேசினேன். குரல் உடைந்தது. ஆனாலும் வெந்நீரில் தொடங்கி ஐஸ் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

போலீஸ் வந்து இருவரையும் கூட்டிப்போனது. மறுநாள் மகளோடு வங்கிக்குப் போய்வந்த ஆயா என்னைத் தேடித் துணி துவைக்கும் இடத்துக்கே வந்துவிட்டாள்.

"கம்மலுக்குத் துட்டு கீதுடி! ஜிமிக்கிக்குத்தான் இல்ல." ஈரமாக இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு, அத அந்த நர்ஸம்மாகிட்டயே வாங்குறேன். கோர்ட்டுல வந்து நீ பேசணும். அன்னிக்குப் பேசுனியே, அதே மாரி."

"பேசறேன் ஆயா," என்றேன்.